ஸ்கேன் பிடிஎஃப் படிக்க எந்த அளவு இ-ரீடர்?

வணக்கம். என்னிடம் இருப்பது 6 அங்குல இ-ரீடர், 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்). பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பிடிஎஃப் அதில் பொடிப்பொடியாகத் தெரிகிறது. டெமி அளவுப் பக்கத்தின் அகலம் 14 செ.மீ., திரை அகலமோ 9 செ.மீ.தான்.

ஓரங்களை வெட்டிப் பார்த்தேன், மெய்யெழுத்துப் புள்ளி இன்னும் மங்கல்தான். படுக்கைவாட்டில் திருப்பினால் ஒரு பக்கத்துக்கு மூன்று திரை. சிறு திரைக்கேற்பப் பிடிஎஃப்பை மாற்றும் கே2பிடிஎஃப்ஆப்ட் மென்பொருள் வரிகளைச் சொல் சொல்லாக வெட்டி மறுபடி அடுக்குவதால் உரைநடைக்குப் பரவாயில்லை, வெண்பாவில் அடியே குலைகிறது. படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் டெசராக்ட் ஓசிஆர், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களில் தடுமாறுகிறது.

டேப்லெட் வேண்டாம். இரவில் நெடுநேரம் படிக்க மின்-மைத் திரைதான் கண்ணுக்கு இதம்.

7.8 அங்குலம் (300 பிபிஐ), 10.3 அங்குலம் (227 பிபிஐ) இரண்டிலும் 1404 × 1872 பிக்சல்தான். எங்கள் ஊரில் நேரில் பார்த்து வாங்க வழியில்லை. டெமி ஸ்கேனைப் பெரிதாக்காமல் முழுப் பக்கமாகப் படிக்க 7.8 போதுமா?