வன்னாக்ரை ஜன்னல் வந்ததும் பிளக்கைப் பிடுங்கலாமா?

கம்பிக்காரன்:
கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வன்னாக்ரை பற்றி நம் லேப் குறிப்பில் "வன்னாக்ரை என்று தெரிந்ததும் பவரை நிறுத்து" என்று போட்டிருப்பது சரிதான். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் கோப்புகளை அது பூட்டியபின் மூலத்தின் மேல் குப்பை எழுதி அழிக்கும். மற்ற இடங்களில் மூலத்தை டெம்ப் ஃபோல்டருக்கு நகர்த்தி வெறுமனே டெலீட் செய்யும், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கில் அவற்றை ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் போட்டு மீட்கலாம். மெஷின் ஓட ஓட அந்த இடம் மேலெழுதப்படும்.

ஹெக்ஸ்_பித்தன்:
சார், சாவியை மறந்துவிட்டீர்களே. ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஏஇஎஸ் சாவி, பூட்டவும் திறக்கவும் அதுவே. அதைப் பூட்டும் ஆர்எஸ்ஏ-2048 சாவி ஜோடி (பூட்டப் பொதுச்சாவி, திறக்க ரகசியச் சாவி) அந்த மெஷினிலேயே பிறக்கிறது. ரகசியச் சாவியைத் தாக்கியவரின் பொதுச்சாவியால் பூட்டித்தான் டிஸ்க்கில் வைக்கிறது. ஆனால் அதை உருவாக்கிய பகா எண்களைப் பழைய விண்டோஸ் மெமரியிலிருந்து துடைப்பதில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் அட்ரியன் கினே விண்டோஸ் எக்ஸ்பியில் இதைக் காட்டினார். பெஞ்சமின் டெல்பியின் வானாகிவி என்ற மீட்புக் கருவி அதை 32 பிட் விண்டோஸ் 7 வரை கொண்டுபோனது. மெமரியில் 128 பைட் துண்டுகளாகப் பார்த்து, டிஸ்க்கிலுள்ள பொதுச்சாவி எண்ணை மீதியின்றி வகுப்பதைத் தேடும். கிடைத்தால் எல்லாக் கோப்பும் திரும்பும். பிளக்கைப் பிடுங்கினால் அதுவும் போச்சு.

கம்பிக்காரன்:
விண்டோஸ் 10-ல் துடைத்துவிடுகிறதே. 7-லும் அந்த மெமரியை வேறு ஏதாவது பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. அதிர்ஷ்டத்தை நம்பியா குறிப்பு எழுதுவது?

நைட்ஷிஃப்ட்:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க. அதுக்குள்ள வன்னாக்ரை ஆரம்பிக்கும்போது தொடர்புகொள்ளப் பாக்குற அந்த கில் ஸ்விட்ச் டொமைனை ஃபயர்வாலில் பிளாக் பண்ணிட்டா?

ஹெக்ஸ்_பித்தன்:
ஐயோ, தலைகீழ்! டொமைன் பதில் சொன்னால்தான் அது நிற்கும். பிளாக் செய்தால் பூட்டும் வேலையைத் தொடங்கிவிடும். பிளாக் செய்ய வேண்டியது அது நெட்வொர்க்கில் பரவும் 445 போர்ட். போட வேண்டியது, அது நுழையும் ஓட்டையை அடைக்க 2017 மார்ச்சில் வந்த மைக்ரோசாஃப்டின் எம்எஸ்17-010 பேட்ச்.

கம்பிக்காரன் சாருக்கு: 300 டாலர் கேட்கும் ஜன்னல் வரும்போது பூட்டும் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். பிடுங்கி மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றுங்கள். அந்த ஜன்னலை மூடினால் பாதகமில்லை, அது தனி புரோகிராம்; சாவிக்கான பகா எண்கள் கிடப்பது டாஸ்க்ஷே (tasksche.exe) என்ற புராசஸின் மெமரியில், அதைக் கொல்லாதீர்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கைச் செருகவும் வேண்டாம். 3 விநாடிக்கு ஒருமுறை புது டிரைவ் இருக்கிறதா என்று பார்க்கிற ஜென்மம் அது.

கம்பிக்காரன்:
ஜன்னல் வந்த 32 பிட் விண்டோஸ் 7-க்கு மட்டும் உங்கள் வழி, ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் வராமல் கோப்புப் பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தால் பிளக்தான். அதன்பின் அந்த டிஸ்க்கில் பூட் செய்யக் கூடாது என்பதையும் சேருங்கள். லாகின் ஆனதும் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் ரெஜிஸ்ட்ரி ரன் கீ வழியாக மறுபடி எழும். லினக்ஸ் பென்டிரைவில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஹெக்ஸ்_பித்தன்:
அப்போதும் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் புராசஸ் எக்ஸ்ப்ளோரரில் டாஸ்க்ஷேயைக் கொல்லாமல் சஸ்பெண்ட் செய்து உறைய வைக்கலாமே? பூட்டுவதும் நிற்கும், மெமரியும் தங்கும்.

கம்பிக்காரன்:
ராத்திரி டூட்டிப் பையன் அதைத் தேடித் திறப்பதற்குள் அடுத்த ஃபோல்டர் போயிருக்கும்.