புதுப்பிப்பு: 'அருகாமை' ஐயா

எங்கள் சொல்லாய்வு வட்டத்தில் ஓயாமல் சண்டை பிடித்த ஐயாவின் மறைவு பற்றிப் போன வாரம் எழுதினேன். அதில் 'தவறை ஒப்புக்கொண்டதே இல்லை' என்றது பிழை; நண்பர் ஒருவர் நினைவுபடுத்தினார்.

பலர் கேட்ட அந்தச் சண்டை இதுதான். யாராவது 'அருகாமை' என்று எழுதினால் பாய்ந்துவிடுவார். அறியாமை என்றால் அறியாதிருப்பது. கல்லாமை (குறளில் 41ஆம் அதிகாரம்) கல்லாதிருப்பது. அப்படியானால் அருகாமை என்றால் அருகில் இல்லாதிருப்பது; அது மட்டும் எப்படி 'பக்கம்' என்று பொருள்படும் என்பார். 'அண்மை' என்ன பாவம் செய்தது? 'முயற்சித்தான்' கண்டாலும் இதே கதி, 'முயன்றான்' என்று மாற்றும்வரை விடமாட்டார். (இதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.)

ஒருநாள் கோபத்தில் அவரே 'வீட்டுக்கு அருகாமையில்' என்று எழுதிவிட்டார். சுட்டியதும் வந்த பதில்: "கை எழுதிவிட்டது, நான் எழுதவில்லை."

நண்பர் கணக்கில் அது ஒப்புதலாம்.