உதவி: புது ஃபைல் சிஸ்டம் வரும்வரை காத்திருக்கலாமா?

அல்சூர்_ஸ்டுடியோ:
வணக்கம், கொஞ்சம் அவசரம். கல்யாண போட்டோக்களில் சில திடீர் திடீரென்று கெட்டுப்போகின்றன. ஃபைல் கெட்டால் தானே கண்டுபிடித்துச் சரிசெய்யும் ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை எழுதிவைக்கும் முறை) லினக்ஸின் அடுத்த வெளியீட்டில் வருவதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். அதுவரை காத்திருக்கலாமா, இல்லை இப்போதே ஃபெடோரா லினக்ஸுக்கு மாறட்டுமா? சனிக்கிழமை ஆல்பம் கொடுத்தாக வேண்டும்.

மடிவாளா_மணி:
இப்போது என்ன ஓஎஸ், எந்தப் பதிப்பு? டிஸ்க் ஒன்றா, இரண்டா? கெட்டுப்போகிறது என்றால் படம் திறக்கவே இல்லையா, பாதி தெரிகிறதா?

பைட்பாண்டி:
மாதம் ஒருமுறை இதே கேள்வி. நீங்கள் பார்த்த வீடியோ பிகேஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பற்றியதாகத்தான் இருக்கும். 2024 ஜனவரியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.7ஆம் பதிப்போடு வந்தது. 2025இல், 6.18க்கு வரும்போது, கெர்னலை விட்டே எடுத்துவிட்டார்கள். வீடியோ பார்த்து முடிவெடுக்கும் முன் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

தேன்மொழி_கே:
பாண்டி அண்ணா, அவருக்கு சனிக்கிழமை வேலை இருக்கிறது, பாடம் அப்புறம் எடுக்கலாம். ஸ்டுடியோ சார், எனக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம். டிஸ்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி, ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) எண்ணிக்கை என்ன காட்டுகிறது என்று போடுங்கள்.

அல்சூர்_ஸ்டுடியோ:
உபுண்டு 24.04. டிஸ்க் ஒன்றுதான், 4 டிபி. ஃபைல் சிஸ்டம் என்னவென்று தெரியவில்லை, இன்ஸ்டால் செய்யும்போது எதையும் மாற்றவில்லை. செக்டர் எண்ணிக்கை 0. முகூர்த்தப் படம் ஒன்றில் பெண்ணின் நெற்றிச்சுட்டி, கண், மூக்குத்தி வரை பளிச்சென்று இருக்கிறது. அதற்குக் கீழே மாலையும் தாலியும் இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல் பட்டை. கேமராவில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

சிவாஜிநகர்_ரஹீம்:
ஃபெடோராவுக்கே வந்துவிடுங்கள் சார். 2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து டெஸ்க்டாப்பில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (கெட்டதா என்று சரிபார்க்கும் எண்) உண்டு, ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து நிலையின் பதிவு) உண்டு. நான் தனியாக பேக்கப் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

தேன்மொழி_கே:
ரஹீம் பாய், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

சிவாஜிநகர்_ரஹீம்:
தவறி அழித்த ஃபைலை எனக்கு எத்தனையோ முறை மீட்டுக் கொடுத்திருக்கிறதே?

தேன்மொழி_கே:
அழித்ததை மீட்கும், சரி. டிஸ்கே செத்துப்போனால் எங்கிருந்து மீட்பீர்கள்?

பைட்பாண்டி:
காத்திருப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் 2003இல் வின்எஃப்எஸ் என்று ஒரு புது சேமிப்பு முறையைக் காட்டியது. 2004இல் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து விலக்கி, 2006இல் மூடிவிட்டது. மேக்கில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வரும் என்று அதை உருவாக்கிய சன் நிறுவனத்தின் தலைவர் ஜொனாதன் ஷ்வார்ட்ஸ் 2007இல் மேடையிலேயே சொன்னார். மேக் ஓஎஸ் லெப்பர்ட் பதிப்பில் படிக்க மட்டும்தான் கிடைத்தது. ஆப்பிளின் சொந்த ஏபிஎஃப்எஸ் மேக்குக்கு வர 2017 ஆனது, அதிலும் பயனரின் ஃபைல் உள்ளடக்கத்துக்கு செக்சம் கிடையாது. வரப்போகும் ஃபைல் சிஸ்டத்தை நம்பி இன்றைய படங்களை விட்டுவைக்காதீர்கள்.

மடிவாளா_மணி:
எதையும் மாற்றவில்லை என்றால் உங்களுடையது உபுண்டுவின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4. அதில் மெட்டாடேட்டாவுக்குத்தான் (ஃபைலின் பெயர், இடம் போன்ற விவரங்களுக்கு) செக்சம் உண்டு, படத்துக்கு இல்லை. பிடிஆர்எஃப்எஸ் ஆக இருந்தால் கெட்டதைக் கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் ஒற்றை டிஸ்கில் எதைப் பார்த்துச் சரிசெய்யும்? இரண்டாவது நகல் வேண்டுமே.

எனக்கு ராம் மேல்தான் சந்தேகம். கார்டிலிருந்து டிஸ்குக்குப் போகும் வழியில் ராமிலேயே ஒரு பிட் புரண்டால், செக்சம் போடும் ஃபைல் சிஸ்டம்கூடப் புரண்ட படத்துக்கே ஒழுங்காக அதைப் போட்டு எழுதிவைக்கும். இரண்டு வேலை செய்யுங்கள். ஒரு கார்டிலிருந்து ராம் அளவைவிடப் பெரிய ஃபோல்டரை இரண்டு முறை நகலெடுத்து, இரண்டிலும் ஃபைல்களின் செக்சத்தைக் கணக்கிடும் ஷா256சம் ஓட்டி ஒப்பிடுங்கள். அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். கார்டுகள் எதையும் அதுவரை ஃபார்மட் செய்ய வேண்டாம்.

சிவாஜிநகர்_ரஹீம்:
கரண்ட் ஏறி இறங்குவதும் காரணமாக இருக்கலாம். யூபிஎஸ் இருக்கிறதா?

தேன்மொழி_கே:
பாய், பேக்கப் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அல்சூர்_ஸ்டுடியோ:
மணி அண்ணா சொன்னதுதான். இரண்டு நகலிலும் ஏழு படங்கள் ஒத்துவரவில்லை. மெம்டெஸ்ட்டில் ஒரு ராம் ஸ்டிக்குக்கு வரிசையாகச் சிவப்பு. கழற்றிவிட்டேன், இப்போது எல்லாம் ஒத்துப்போகிறது. கார்டுகளிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த முகூர்த்தக் கார்டை மட்டும் போன வாரமே ஃபார்மட் செய்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, புது ராம் வாங்க எஸ்.பி. ரோடு கிளம்புகிறேன்.

மடிவாளா_மணி:
அந்தக் கார்டில் ஃபார்மட் செய்த பிறகு ஏதாவது எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் கேமராவிலிருந்து உடனே கழற்றி வையுங்கள். அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் ஓட்டினால் படம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. மீட்பதை வேறு டிஸ்கில் எழுதுங்கள், கார்டில் எதையும் எழுத வேண்டாம்.

மடிவாளா_மணி:
சார், பார்த்தீர்களா?