"ஒப்புதலை நிறுத்திவைக்கிறேன்": அந்த ஒற்றை வரி பற்றி எழுதுங்க

கோப்புக்கட்டு:
2023 நவம்பர் 13. தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றின பத்து மசோதா ஆளுநர் ஆர்.என்.ரவிகிட்ட இருந்து ஒரே நாளில் திரும்பி வந்துச்சு. அதில் ரெண்டு 2020-ல் முந்தைய ஆட்சி நிறைவேற்றினது. எல்லாத்திலேயும் இந்த ஒரே வரிதான். காரணம் இல்லை, எந்த உட்பிரிவைத் திருத்தணும்கிற குறிப்பும் இல்லை. மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தர்றதைப் பத்தின அரசமைப்பின் 200-ஆவது பிரிவில், முதல் வரம்புரைப்படி (பிரிவோடு சேர்ந்த நிபந்தனை) செய்தியோடுதானே திருப்பி அனுப்பணும்? அது இல்லாட்டி சபை எதை வச்சு மறுபரிசீலனை பண்ணும்? நவம்பர் 18 சனிக்கிழமை சிறப்புக் கூட்டம் போட்டு, பத்தையும் அப்படியே மறுபடி நிறைவேற்றி அனுப்பினாங்க. 28-ஆம் தேதி பத்தையும் ஆளுநர் குடியரசுத் தலைவரோட பரிசீலனைக்கு ஒதுக்கி அனுப்பிட்டார். அந்தப் பத்து நாள்தான் இன்னும் உறுத்துது.

வரம்புரை200:
உறுத்தவேண்டியது 28-ஆம் தேதி. மறுபடி அதே வாசகத்தில் வந்த மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கவே முடியாதுன்னு 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் ரெண்டு நீதிபதி அமர்வு சொன்னதே அதனாலதான். முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தர்ற 142-ஆவது பிரிவை எடுத்து, ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளணும்னுட்டாங்க. அதே வாரம் பத்துச் சட்டமும் ஆளுநர் கையெழுத்தே இல்லாம அரசிதழில் வந்துச்சு. அந்த அரசிதழைப் புரட்டும்போது கண் தானா கையெழுத்தைத் தேடும்.

மேசை_எண்_4:
கொண்டாடாதீங்க. 2025 நவம்பர் 20-ல் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, 143-ஆவது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டு அனுப்பின 14 கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நீதிமன்றம் காலக்கெடு வைக்க முடியாது, கையெழுத்துக்குப் பதிலா நீதிமன்றமே ஒப்புதல் கொடுத்ததாக்கவும் முடியாதுன்னுடுச்சு. ஆனா திருப்பி அனுப்பாம வெறுமனே நிறுத்திவைக்கிற வழியும் கிடையாதுன்னு அதிலேயே இருக்கு. காரணமில்லாம நீண்ட நாள் கிடப்பில் கிடந்தா, "முடிவெடுங்க"ன்னு மட்டும் நீதிமன்றம் சொல்லலாம்.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். மசோதாவுக்கு வரைவு போடும்போதே பொதுப் பட்டியலை, அதாவது மத்திய அரசும் மாநிலமும் ரெண்டுமே சட்டம் போடக்கூடிய பொருள்களின் பட்டியலைப் பாருங்க. கல்வின்னா 25-ஆவது இனம். மத்தியச் சட்டத்தோடு முரண் இருந்தா, மாநிலச் சட்டம் செல்ல 254(2)-ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் எப்படியும் வேணும். முதல்லயே அந்த வழியில் அனுப்பிட்டா வருஷம் மிச்சம். மசோதா போன தேதி, விளக்கம் கேட்ட தேதி, பதில் போன தேதின்னு மூணையும் தனிப் பதிவேட்டில் ஏத்துங்க. வழக்குன்னு வந்தா தாமதத்தைக் காட்ட அதுதான் கையில் இருக்கும். மறுபடி நிறைவேற்றும்போது "இதையும் சேர்த்துடலாம்"னு புது உட்பிரிவு நுழைக்காதீங்க. வாசகம் பெரிசா மாறினா, அதை வச்சே குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குறதுக்கு வழி திறந்துடும். பண மசோதாவைத் திருப்பி அனுப்பவே முடியாது. அதுக்காக எல்லாத்தையும் பண மசோதாங்கிற பேரில் அனுப்பினா, எது பண மசோதான்னு வரையறுக்கிற 199-ஆவது பிரிவை வச்சே மாட்டுவீங்க.

கோப்புக்கட்டு:
பதிவேடு பாடம் கேட்கலையே ஐயா.

பழையஅரசிதழ்:
காலக்கெடு இல்லாத சிக்கல் ஆளுநரோட மட்டும் நிக்கலை. 1986 அஞ்சல் சட்டத் திருத்த மசோதா, கடிதத்தைப் பிரிச்சுப் படிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ரெண்டு அவையும் நிறைவேற்றியாச்சு. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடலை, திருப்பியும் அனுப்பலை. குடியரசுத் தலைவர் ஒப்புதலைப் பத்தின 111-ஆவது பிரிவிலும், திருப்பி அனுப்பக் காலக்கெடு இல்லை, "கூடிய விரைவில்"தான் இருக்கு. 1987-ல் அவர் பதவி முடிஞ்சு போறவரைக்கும் மசோதா மேசையிலேயே கிடந்துச்சு. மேலே கொதிக்கிறவங்க அதையும் தப்புன்னு சொல்வீங்களா?