சிவகாமி மேல் வந்த கோபம்

எங்கள் வீட்டில் 'சிவகாமியின் சபதம்' என்ற சரித்திர நாவல் கடையில் வாங்கிய புத்தகமாக இல்லை. 1944இல் கல்கி அதைத் தொடராக எழுத ஆரம்பித்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பாட்டி பைண்டு பண்ணி வைத்திருந்தாள். பதினாலு வயதில் அதைத்தான் படித்தேன். கடைசிச் சில வாரங்கள் அதில் கிடையாது. யாரோ இரவல் வாங்கிப் போனபோது கழன்று விழுந்ததாம். முடிவு என்ன பாட்டி என்று கேட்டால், "அவன் பாண்டியன் பொண்ணைக் கட்டிக்கிட்டான், இவ ஏகாம்பரநாதரைக் கட்டிக்கிட்டா. போய் அரிசியைக் களை" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டாள்.

அன்றைக்கு, சிவகாமியைக் காதலித்த பல்லவ இளவரசன் மாமல்லன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சளுக்கியர் தலைநகரான வாதாபியை எரித்து, அங்கே சிறைப்பட்டிருந்த நாட்டியக்காரி சிவகாமியை மீட்க ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டவன், நடுவில் கல்யாணமும் பண்ணிக்கொண்டானே!

போன வருஷம் நாலு பாகத்தையும் முழுசாகப் படித்தேன். இந்தத் தடவை கோபம் சிவகாமி பக்கம் திரும்பிவிட்டது. வாதாபி நாற்சந்தியில், சிறைப்பட்டவர்களைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்ற அவள் ஆடும் இடம் இன்றைக்கும் தொண்டையை அடைக்கிறது. ஊர் எரியாமல் இங்கிருந்து வரமாட்டேன் என்று அந்த அவமானத்தில் பிறந்த சபதம், சரி. ஆனால் மாமல்லனும் அவன் தளபதி பரஞ்சோதியும் மாறுவேடத்தில் உயிரைப் பணயம் வைத்து வந்து கூப்பிடும்போதும் "ஊரை எரித்துவிட்டு அழைத்துப் போங்கள்" என்கிறாளே! அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை வீடுகள் எரிந்தன?

இன்னொன்றும் உறுத்தியது. மூன்றாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'பிக்ஷுவின் காதல்'. தலைப்பிலேயே காதல் என்று எழுதப்பட்டது புத்த பிக்ஷுவாக வரும் வில்லன் நாகநந்திக்குத்தான், கதாநாயகனுக்கு இல்லை. ராஜ்யத்தையும் காவியையும் விட அவள் ஆட்டத்தைப் பெரிதாக நினைத்தவன் அவன். அவன் செய்த அக்கிரமங்களை நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் மாமல்லன் காதல் எனக்குக் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது.

குறையும் உண்டு. காஞ்சி முற்றுகை இழுவை. மாமல்லனின் அப்பா மகேந்திர பல்லவர் வஜ்ரபாகு என்ற பெயரில் வேஷம் போட்டு வரும் பக்கங்கள் மட்டும் இல்லாவிட்டால் நான் பாதியிலேயே மூடி வைத்திருப்பேன்.

*

மறுமொழி: சகோதரி, உங்கள் சிவகாமியை மனசில் வைத்துக்கொண்டு கர்நாடகத்துப் பாதாமிக்கே போய் வந்தவன் நான். அதுதான் பழைய வாதாபி. எரிந்த ஊரைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் போனேன். செம்பாறையில் குடைந்த குகைக் கோயில்கள் கம்பீரமாக நிற்கின்றன. மூன்றாவது குகையில் 578ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. மாமல்லன் 642 வாக்கில் ஊரைப் பிடிக்கும் முன்பே குடைந்தது! அவன் வெற்றியைச் சொல்லும் சிதைந்த பல்லவக் கல்வெட்டும் ஊரிலேயே ஒரு பாறையில் உண்டு.

அங்கிருந்து பக்கத்து ஊரான ஐஹொளே போனேன். அங்கே மேகுதி கோயில் கல்வெட்டில், கவிஞர் ரவிகீர்த்தி 634இல் பாடி வைத்த சளுக்கிய ராஜா புலிகேசியின் புகழ். பல்லவ ராஜா இவன் சேனைப் புழுதியில் ஒளி மங்கிக் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்கினான் என்கிறது. நம் மகேந்திரரைச் சொல்கிறார்களே என்று ஒரு நிமிஷம் சுர்ரென்றது. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாவல் நம்மை எந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறது பாருங்கள்!

நூறு வருஷம் கழித்து அந்தச் சளுக்கிய வம்சத்து விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே கன்னடத்தில் வெட்டி வைத்திருக்கிறான். சபதம் நிறைவேறிய இடத்தோடு கல்கி நிறுத்திக்கொண்டார். எனக்கு அதற்குப் பிந்திய கதைதான் பிடித்திருக்கிறது.

*

மறுமொழி: எனக்கு மாமல்லனும் வேண்டாம், நாகநந்தியும் வேண்டாம். பரஞ்சோதி போதும். அஜந்தா வர்ண ரகசியம் தேடி ஓலையோடு குதிரையேறிக் கிளம்பும் அந்தப் பையனோடு நானும் கிளம்பியவன். அவர்தான் பின்னாளில் நாயன்மார்களில் ஒருவரான சிறுத்தொண்டர் என்று தெரிந்தபோது அவர் ஊரான திருச்செங்காட்டங்குடிக்குப் போனேன். அவர் கொண்டுவந்ததாகச் சொல்லும் வாதாபி கணபதியைக் கும்பிட்டேன். அர்ச்சகர் வழக்கம்போல, சிவனடியாருக்காகச் சிறுத்தொண்டர் தன் பிள்ளையையே கறி சமைத்த கதையை ஆரம்பித்தார். சின்ன வயதில் பத்து தடவை கேட்ட கதைதான். அன்றைக்கு என்னால் நின்று கேட்க முடியவில்லை. விபூதியை வாங்கிக்கொண்டு குளத்தங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

*

முதலில் எழுதியவள்: பாதாமி போனவர் சொன்னதைக் கேட்டபின் பாட்டியின் பைண்டை எடுத்துப் பார்த்தேன். வாதாபி எரியும் அத்தியாயத்துக்கு நடுவில் ஒரு காய்ந்த தாழம்பூ மடல் இருக்கிறது. அடையாளத்துக்கு வைத்தாளா, வேறு எதற்காவது வைத்தாளா, கேட்க ஆள் இல்லை.