மனைவியோடு வால்பாறைக்கு பைக்கில் போகிறேன், கொஞ்சம் யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்கு மனைவியை பைக்கில் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். வண்டி 150 சிசி பல்சர். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்குத் தனியாகப் பழக்கம்தான், பின்னால் ஆளை வைத்து ஏறியதில்லை.

ஊருக்குள்ளேயே ஒரு சிக்கல். வளைவில் நான் வண்டியைச் சாய்த்தால் அவர் பயந்துபோய் எதிர்ப்பக்கம் நிமிர்கிறார், வண்டி திரும்பாமல் வெளியே இழுக்கிறது. பிரேக் பிடித்தால் அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கிறது, உடனே முதுகில் ஒரு குத்து வேறு. சேலையும் ஒருக்களித்து உட்காருவதும் மலைக்கு வேண்டாம் என்று பேசியாயிற்று. சுடிதார், ஷூ, துப்பட்டா வீட்டில். ஆனால் கையை எங்கே வைப்பது? என் இடுப்பிலா, இல்லை ஒரு கை பின்கம்பியிலா? இறக்கத்தில் அவர் எடை முழுக்க என் மேல்தானே சரியும், டேங்கில் கை ஊன்றச் சொல்லலாமா?

டயர் காற்று இரண்டு பேருக்கு எவ்வளவு என்று மேனுவலிலேயே இருக்கிறது, அதை விடுங்கள். பின் ஷாக் அப்சார்பரை (குலுக்கல் தாங்கும் ஸ்பிரிங்) எத்தனை படி இறுக்குகிறீர்கள்?

பின்சீட்டில் போன பெண்கள் யாராவது பதில் சொன்னால் ரொம்ப நல்லது, ஏனென்றால் ஓட்டுபவர்கள் எல்லோரும் "ஒன்னும் ஆகாது, போங்க" என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம், ஆழியாறு தாண்டி சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது?