லே குளிருக்கு டிஃபரன்ஷியல் ஆயில்: சிந்தெட்டிக்கா, நம்ம ஊர் 140-ஏ போதுமா?

சத்துவாச்சாரி_ஜீப்
மகனுக்கு லடாக்கில் இருக்கிற லேயில் வேலை. என் பழைய நாலு சக்கர டிரைவ் ஜீப்பை அக்டோபரில் ஓட்டிட்டுப் போய் அவன்கிட்ட விட்டுட்டு வரணும். குளிர்காலம் முழுக்க வண்டி வெட்டவெளியில்தான் நிக்கும். கூலன்ட், பேட்டரி, எஞ்சின் ஆயில் எல்லாம் முடிவாயிடுச்சு. டிஃபரன்ஷியல் இருக்கிற பின் ஆக்சிலில் இப்ப ஊத்தியிருக்கிற ஆயில் 85டபிள்யூ-140. 75டபிள்யூ-90 சிந்தெட்டிக் மாத்துன்னு மகன் சொல்றான். தேவையா?

ஆற்காடு_ஒர்க்‌ஷாப்
இன்னாத்துக்கு சார்? குவாரி வண்டிங்க எல்லாம் 140-லதான் ஓடுது. சிந்தெட்டிக் தண்ணி மாதிரி இருக்கும், ஆக்சிலுக்குள்ள இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரம் ஊளையிடும், பினியன் சீல்ல கசியும். விலையும் ரெண்டு மடங்கு. வியாபாரத் தந்திரம்.

கம்மவான்பேட்டை_ஓய்வு
அண்ணே, குவாரி வெயிலை வெச்சு லேயைப் பேசாதீங்க. நான் அங்கே ரெண்டு குளிர்காலம் லாரி ஓட்டினவன். விடியக்காலை மைனஸ் 18. எஞ்சின் கெஞ்சிக் கெஞ்சி ஸ்டார்ட் ஆகும், கிளட்சை விட்டா வண்டி கட்டிப்போட்ட மாடு மாதிரி நகராது. ஒருநாள் ஆக்சிலில் ஆயில் ஊத்துற மேல் பிளக்கைக் கழட்டி விரலை விட்டேன். ஆயில் ஒட்டவே இல்லை, விரல் பதிஞ்ச குழி அப்படியே நின்னுச்சு. சில டிரைவருங்க ஆக்சிலுக்குக் கீழே தகரத்துல கரி மூட்டுவாங்க. கசிவு இருக்கிற வண்டிக்கு அதைச் செஞ்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

காட்பாடி_லேப்
அந்தக் குழிதான் விஷயமே. ஆறின கேவுரு கூழ்ல கரண்டியால கோடு போட்டா மூடிக்காது இல்லையா, கெட்டியான ஆயிலில் கிரவுன் வீல் அப்படித்தான் பள்ளம் வெட்டிட்டு அதுலயே சுத்தும். பினியன் பேரிங்குக்கு ஆயில் போகாது. எஞ்சினுக்கு டீசல் எரியிற சூடு இருக்கு. ஆக்சிலுக்குத் தன் உராய்வுதான் அடுப்பு, சூடேற பல கிலோமீட்டர் ஆகும்.

'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்குது. அதுக்கு முன்னாடி எண் குளிருக்கு, பின்னாடி எண் சூட்டுக்கு. ஆயில் தரம் வகுக்கிற எஸ்ஏஇ அமைப்பின் கணக்குப்படி, ஆயிலின் கெட்டித்தன்மை 1,50,000 சென்டிபாய்ஸைத் தாண்டாம இருக்கவேண்டிய குளிர்: 85டபிள்யூவுக்கு மைனஸ் 12, 80டபிள்யூவுக்கு மைனஸ் 26, 75டபிள்யூவுக்கு மைனஸ் 40. தண்ணீர் சாதாரண சூட்டில் சுமார் 1. கச்சா எண்ணெயிலிருந்து வர்ற மினரல் ஆயிலில் மெழுகு கொஞ்சம் தங்கியிருக்கும், குளிர்ல அது உறையும். பிஏஓங்கிற செயற்கை எண்ணெயில செஞ்ச சிந்தெட்டிக்கில் மெழுகே இல்லை.

ஆற்காடு_ஒர்க்‌ஷாப்
லே மைனஸ் 18-னு அவரே சொல்றாரு. அப்ப உங்க கணக்குப்படியே 80டபிள்யூ-90 மினரல் போதுமே! எதுக்கு 75?

காட்பாடி_லேப்
நியாயமான கேள்வி. லேக்குள்ளேயே சுத்தினா 80 ஒப்பேத்தும். ஆனா 1,50,000 எல்லைக்கோடு, அதுக்கு மேல போனா பினியன் பேரிங் அடிவாங்கும். கார்கில் பக்கத்துல இருக்கிற திராஸுக்குப் போனா மைனஸ் 26-க்குக் கீழேயும் இறங்கும். தண்ணி மாதிரின்னு சொன்னீங்களே, 75-90, 80-90 ரெண்டுமே 100 டிகிரியில் ஒரே 90 தரம்தான். போற வழியில நாக்பூர் வெயிலில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு.

ஆற்காடு_ஒர்க்‌ஷாப்
சீல் கசியறதுக்கு?

கம்மவான்பேட்டை_ஓய்வு
விறைச்சுப்போன பழைய சீல், எதை ஊத்தினாலும் கசியும். ஆக்சில் மூச்சு விடுற துளையான பிரீதர் அடைச்சிருந்தாலும் அழுத்தம் ஏறி அங்கேதான் வெளிய தள்ளும். முதல்ல அதைப் பாருங்க. சார், ஒரு சந்தேகம். கம்பெனி புத்தகத்துல என்ன ஆயில் போட்டிருக்கு?

சத்துவாச்சாரி_ஜீப்
இப்பதான் எடுத்துப் பார்த்தேன். 80டபிள்யூ-90, கியர் ஆயில் தரம் ஜிஎல்-5. 140 ஊத்தினது எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் போல. 60-க்கு மேல போனா பின்னாடி லேசா ஊளை இருக்கு, பழைய வண்டின்னு விட்டுட்டேன்.

ஆற்காடு_ஒர்க்‌ஷாப்
ஆங், அப்டி சொல்லுங்க! சத்தத்தை அமுக்கத்தான் 140 ஊத்தி வித்திருக்கான். 75-90 ஊத்தினா அந்த ஊளை நல்லாவே கேக்கும். கேட்டதும் என்னைத் திட்டுவீங்க. இந்த ஆக்சிலை அப்படியே லேக்கு அனுப்பினா எந்த ஆயிலும் காப்பாத்தாது.

காட்பாடி_லேப்
இதுல அண்ணன் சொல்றதுதான் சரி. மூடியைத் திறந்து பேக்லாஷ் (பல்லுக்குப் பல் இருக்கிற இடைவெளி), பேரிங் பாருங்க. டிரெய்ன் பிளக் காந்தத்துல மாவு மாதிரி கரும்பசை இருந்தா பயமில்லை, செதிலா வந்தா பயம்தான். இன்னொண்ணு, மிச்ச ஆயிலை கியர்பாக்ஸ்ல ஊத்திடாதீங்க. அதுக்கு ஜிஎல்-4-னு போட்டிருந்தா ஜிஎல்-5-ல இருக்கிற கந்தகச் சேர்க்கை கியர் மாத்த உதவுற பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கலாம்.

ஆற்காடு_ஒர்க்‌ஷாப்
சனிக்கிழமை கொண்டாங்க சார், திறந்து பாப்போம். பேரிங் நல்லா இருந்தா நீங்க வாங்கியாற சிந்தெட்டிக்கையே ஊத்தறேன். ரெண்டு லிட்டர் கூடப் புடிக்காது. இந்த ஊர்லயே ஓடற வண்டின்னா நான் மினரல்தான் ஊத்துவேன், அதுல மாத்தமில்ல.

சத்துவாச்சாரி_ஜீப்
சனிக்கிழமை காலைல வரேன். மேல் பிளக் துருப்பிடிச்சிருக்கு அண்ணே, அதை முதல்ல கழட்டிட்டுக் கீழே கைவைங்க. வடிச்சப்புறம் மேல் பிளக் வரலைன்னா வண்டி ஆற்காட்டுலயே நின்னுடும்.